கம்பியை இப்போதே மொத்தமாக வாங்குவதா, கட்டக் கட்ட வாங்குவதா, காண்ட்ராக்டரிடம் விட்டுவிடுவதா?

வரைபடம் தயாராகி, எஸ்டிமேட்டும் கைக்கு வந்து, பணத்துக்கும் ஓரளவு வழி பிறந்த பிறகு வீடு கட்டுகிறவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கம்பி விலைதான். திங்கட்கிழமை கேட்ட விலை வியாழக்கிழமை இருக்காது. கடைக்காரர் "இன்னைக்கே புக் பண்ணிடுங்க, அடுத்த வாரம் ஏறிடும்" என்பார். ஏற்கெனவே வீடு கட்டிய சொந்தக்காரர் ஒருவர் "கொஞ்சம் பொறுங்க, இறங்கும்" என்பார். காண்ட்ராக்டரோ "எல்லாத்தையும் என் பொறுப்புல விடுங்க, சாவியை வாங்கிக்கிட்டுப் போங்க" என்பார். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை, ஆனால் மூன்று பேரும் அவரவர் இடத்திலிருந்து சொல்கிறார்கள். முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள், பணமும் உங்களுடையது.

என் அக்கா பொருளையும் கூலியையும் சேர்த்துக் காண்ட்ராக்டரிடம் விடும் மொத்த ஒப்பந்தத்தில் வீட்டைக் கட்டினார். நான் என் வீட்டுக்குக் கம்பியை முதலிலேயே மொத்தமாக வாங்கிப் போட்டேன். நண்பர் ஒருவர் தளத்துக்குத் தளம் வாங்கினார். மூன்றையும் கிட்ட இருந்து பார்த்ததில் எனக்குப் பட்டது இது: விலை ஏறுமா இறங்குமா என்று ஊகிப்பதில் நாம் செலவழிக்கும் நேரத்தில் பாதியை, ஏறினால் அது யார் தலையில் விழும் என்று முன்கூட்டியே பேசி எழுதுவதில் செலவழித்தால் நல்லது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இதைப் போட்டுப் பார்த்தாலே பாதிப் பதற்றம் குறையும். சாதாரண கான்கிரீட் வீட்டுக்குச் சதுர அடிக்கு 3 முதல் 5 கிலோ வரை கம்பி போகும். மண்ணின் தன்மை, தளங்களின் எண்ணிக்கை, நிலநடுக்கப் பகுதியா என்பதைப் பொறுத்து மாறும். 1,500 சதுர அடிக்கு 4 கிலோ என்று வைத்தால் 6 டன். மொத்தச் செலவில் கம்பியின் பங்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் எஸ்டிமேட்டில் உண்மையான பங்கைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்). கம்பி விலை 20 சதவீதம் ஏறினால் மொத்தச் செலவு ஏறுவது 3 சதவீதம். இது சின்னத் தொகை என்று சொல்ல மாட்டேன், கடன் வாங்கிக் கட்டுகிறவருக்கு 3 சதவீதமும் வலிக்கும். ஆனால் பாதி வழியில் சமையலறையை இடம் மாற்றுவது, டைல்ஸை ஒரு படி உயர்த்துவது, ஜன்னலை அகலமாக்குவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் அதைவிட அதிகம் ஏறும், அதைப் பற்றி யாரும் தூக்கம் கெடுவதில்லை.

அப்புறம், எல்லாப் பொருளும் ஒரே காரணத்துக்காக விலை ஏறுவதில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் "கட்டுமானப் பொருள் விலை ஏறுது" என்று பொத்தாம்பொதுவாகப் பேசினால் தவறான பொருளை முன்கூட்டி வாங்கி வைப்போம்.

கம்பி உலகச் சந்தையின் பொருள். ஊது உலையில் ஒரு டன் எஃகு எடுக்கச் சுமார் 1.4 டன் இரும்புத் தாதும் 0.8 டன் அளவு கோக்கிங் நிலக்கரியும் வேண்டும். உலக எஃகில் ஏறக்குறைய 70 சதவீதம் இந்த வழியில்தான் வருகிறது, மீதியில் பெரும்பகுதி பழைய இரும்பை மின்சார உலையில் உருக்கி எடுப்பது. ஆக தாது, நிலக்கரி, பழைய இரும்பு, மின்சாரம், கப்பல் கூலி என்று எதில் ஆட்டம் வந்தாலும் கம்பியும் ஆடும். உலக எஃகில் பாதிக்கு மேல் சீனாவில் உற்பத்தியாகிறது, அதனால் அங்கே கட்டுமானம் வேகமெடுத்தாலும் படுத்தாலும் மற்ற எல்லா நாட்டிலும் தெரியும். 2021 மே மாதம் இரும்புத் தாது டன்னுக்கு 230 டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு நவம்பரில் 90 டாலருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. "இனி இறங்கவே இறங்காது" என்று மே மாதம் பேசியவர்களும், "இன்னும் இறங்கும்" என்று நவம்பரில் காத்திருந்தவர்களும் ஒரே மாதிரி ஏமாந்தார்கள், ஏனென்றால் 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது, மரியுபோலில் இருந்த இரண்டு பெரிய எஃகு ஆலைகளும் நின்றன, விலை மறுபடி கிளம்பியது. சந்தையையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கே இது பிடிபடவில்லை. வாழ்க்கையில் ஒரு முறை வீடு கட்டும் நமக்கு மட்டும் எப்படிப் பிடிபடும்?

சிமெண்ட் கதை வேறு. கனம் அதிகம், கிலோவுக்கு விலை குறைவு, அதனால் தொலைதூரம் போய்க் கட்டுப்படியாகாது. சூளையை 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க எரிபொருள் வேண்டும் என்பதால் நிலக்கரி விலை ஏறினால் சிமெண்டும் ஏறும், ஆனால் கடைசியில் விலையைத் தீர்மானிப்பது பக்கத்தில் எத்தனை ஆலை இருக்கிறது, அங்கே எவ்வளவு கட்டுகிறார்கள் என்பதுதான். மணல், ஜல்லி இரண்டும் இன்னும் உள்ளூர் விஷயம்: குவாரி எவ்வளவு தூரம், அனுமதி உண்டா, டீசல் என்ன விலை. பிளம்பிங் குழாய்க்கான பிவிசி பெட்ரோ கெமிக்கல் வகை. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பனிப்புயல் அடித்து ஆலைகள் நின்றபோது உலகம் முழுக்க பிவிசி விலை ஏறியது. ஒயருக்குள் இருக்கும் தாமிரம் லண்டன் உலோகச் சந்தை விலையோடு போகும். அலுமினிய ஜன்னல் என்றால் மின்சாரத்தைக் கட்டியாகக் கட்டி வைத்த பொருள், ஒரு டன்னுக்கு 13 முதல் 15 ஆயிரம் யூனிட் மின்சாரம் குடிக்கும்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், முன்கூட்டி வாங்கி வைக்கலாமா என்ற கேள்விக்குப் பொருளுக்குப் பொருள் பதில் மாறும். விலை எகிறக்கூடியதாகவும் இருக்க வேண்டும், வைத்தால் கெடாததாகவும் இருக்க வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று முன்பே துல்லியமாகத் தெரிந்ததாகவும் இருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் ஓரளவு பொருந்துவது கம்பி மட்டும்தான். சிமெண்டை வாங்கி அடுக்குவது வீண். நல்ல இடத்தில் வைத்தால்கூட 3 மாதத்தில் அதன் வலிமையில் ஐந்தில் ஒரு பங்கு வரை போகலாம், ஈரக் காற்று பட்டால் இன்னும் சீக்கிரம் போகும். மூட்டையின் மூலையைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே கட்டி தட்டி, அழுத்தினாலும் பொடியாகாமல் கல் மாதிரி நின்றால் அந்த மூட்டை வேலைக்கு ஆகாது. வேலை ஆரம்பிக்கும் முன்பே டைல்ஸ், ஒயர், குழாய் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வேலைகள் வர எட்டு மாதமாவது ஆகும், அதற்குள் உங்கள் மனசும் மாறும், வரைபடமும் மாறும்.

சரி, இனி ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

கம்பியை முதலிலேயே மொத்தமாக வாங்கிப் போடுவது. நான் செய்தது இதுதான். விலை பற்றிய கவலை அன்றோடு தீர்ந்தது என்பது பெரிய நிம்மதி, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பெரிய ஆர்டர் என்பதால் பேரம் பேசவும் இடம் கிடைத்தது, எல்லாக் கம்பியும் ஒரே ஆலையின் சரக்காக வந்தது. ஆனால் அந்த நிம்மதிக்கு ஒரு விலை உண்டு. கடன் வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தால், கம்பி சராசரியாக 4 மாதம் சும்மா கிடந்தால் 3 சதவீதத்துக்கு மேல் வட்டியிலேயே போய்விடும். அதாவது சராசரியாக விலை அந்த அளவுக்கு மேல் ஏறினால்தான் முன்கூட்டி வாங்கியதில் லாபம். அப்புறம் அளவு. அஸ்திவாரம் தோண்டியதும் எதிர்பார்த்த மண் இல்லை என்று பொறியாளர் இரண்டு பில்லர்களுக்குக் கம்பியை மாற்றினார், 12 மில்லிமீட்டர் 16 ஆனது. என்னிடம் 12 மீந்தது, 16 போதவில்லை, புதிதாக வாங்கிய 16க்கு அன்றைய விலை கொடுத்தேன். வேலை முடிந்தபோது 8 மில்லிமீட்டர் கம்பியில் ஒரு கட்டு முழுதாக மிச்சம். அதைப் பழைய இரும்பு விலைக்குத்தான் கொடுக்க முடிந்தது.

கம்பியை வைப்பதும் ஒரு வேலைதான். தரையில் படாமல் கட்டைகள் மேல் அடுக்க வேண்டும், மேலே தார்ப்பாய் போட வேண்டும், ஆனால் பக்கவாட்டில் காற்று போகும்படி. பிளாஸ்டிக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்து, திறந்து வைத்ததைவிட வேகமாகத் துருப் பிடிக்கும். லேசான செம்பழுப்புத் துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கையில் ஒட்டும் பொடித் துரு கான்கிரீட் பிடிப்பைக் கெடுப்பதில்லை. கம்பித் தூரிகையால் தேய்க்கும்போது செதில் செதிலாக உதிர்ந்து, அடியில் குழி குழியாகத் தெரிந்தால்தான் ஆபத்து. அந்தக் கம்பியின் குறுக்களவே குறைந்துவிட்டது என்று பொருள். கடற்கரைக்குப் பக்கம் கட்டுகிறவர்கள் மாதக்கணக்கில் கம்பியைத் திறந்த வெளியில் போட்டு வைக்கும் இந்த வழிக்குப் போகவே வேண்டாம் என்பேன், உப்புக் காற்று அதன் வேலையைக் காட்டிவிடும். காவல் இல்லாத மனையில் ஆறு டன் கம்பியைப் போட்டு வைப்பது எப்படி முடியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கட்டக் கட்ட வாங்குவது. அஸ்திவாரத்துக்கு ஒரு லோடு, பில்லருக்கும் லிண்டலுக்கும் ஒரு லோடு, தளத்துக்கு ஒரு லோடு என்று நண்பர் வாங்கியது இப்படித்தான். ஒரு முறை விலை ஏறியிருந்தது, அடுத்த முறை இறங்கியிருந்தது, கடைசியில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் நடு விலைக்குத்தான் வாங்கியிருந்தார். உச்ச விலையில் மொத்தமும் மாட்டிக்கொள்ளும் ஆபத்து இதில் இல்லை, அடிமட்ட விலையில் மொத்தமும் அள்ளும் அதிர்ஷ்டமும் இல்லை. அளவு மாறினாலும் அடுத்த லோடில் சரி செய்துகொள்ளலாம், வட்டியும் மிச்சம். இதன் பலவீனம் விலையில் இல்லை, நாளில் இருக்கிறது. சென்ட்ரிங் (ஈரக் கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அமைப்பு) அடித்து முடித்து, பலகைக்கும் முட்டுக்கும் நாள் வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது "10 எம்எம் ஸ்டாக் இல்லை, நாலு நாள் ஆகும்" என்று கடையில் சொன்னால், அந்த நாலு நாள் வாடகையும் கம்பி கட்ட வந்தவர்களின் காத்திருப்புக் கூலியும் கிலோவுக்கு நீங்கள் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும். அவசரத்தில் வேறு தரத்துக் கம்பியைக் கலந்து வாங்கவும் தோன்றும். ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து நாள் முன்பே சரக்கு மனைக்கு வந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று உண்டு: முன்பணம் கொடுத்து விலையைப் பிடித்து வைத்து, சரக்கைத் தவணையாக எடுப்பது. கேட்க எல்லாவற்றையும்விட நன்றாக இருக்கும். விலை ஏறிய பிறகும் பேசிய விலைக்குச் சரக்கு தருகிற வியாபாரியிடம் இது அருமையான வழி. ஆனால் விலை வேகமாக ஏறும்போதுதான் சிலருக்கு லாரி கிடைக்காது, ஆலையிலிருந்து சரக்கு வராது. வெறும் "அட்வான்ஸ் பெறப்பட்டது" என்று எழுதிய ரசீதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். எந்தத் தயாரிப்பு, எந்தத் தரம், 8, 10, 12, 16 என்று ஒவ்வொரு அளவிலும் எத்தனை கிலோ, வரியும் ஏற்றுக் கூலி இறக்குக் கூலியும் சேர்த்தா தனியா, எந்தத் தேதிக்குள் தர வேண்டும், தராவிட்டால் என்ன என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிக்கு மேல் முன்பணமாகக் கொடுக்க மாட்டேன்.

மூன்றாவது, பொருளும் கூலியும் சேர்த்து மொத்த ஒப்பந்தம். நேரம் இல்லாதவர்கள், வெளியூரில் வேலை பார்ப்பவர்கள், தினமும் மனைக்குப் போக முடியாத பெரியவர்கள் எல்லாரும் இதைத்தான் எடுக்கிறார்கள், எடுப்பதில் நியாயமும் இருக்கிறது. சதுர அடிக்கு இவ்வளவு, முடிந்தது கதை. ஆனால் அந்த நிலையான விலைக்குள் காண்ட்ராக்டர் விலையேற்றத்துக்கு என்று ஒரு தொகையைச் சேர்த்துத்தான் சொல்வார், சொல்லாவிட்டால் அவருக்குத் தொழில் தெரியாது என்று பொருள். விலை ஏறாவிட்டாலும் இறங்கினாலும் அந்தத் தொகை அவருக்கு. அதில் எனக்கு வருத்தம் இல்லை, ஆபத்தைச் சுமப்பவருக்குக் கூலி. என் பயம் வேறு. விலை அவர் சேர்த்து வைத்த தொகையையும் தாண்டி ஏறினால் என்ன நடக்கும்?

அக்கா வீட்டில் நடந்தது இது. அஸ்திவாரம் முடிந்து பில்லர் எழும்பும்போது கம்பி விலை ஏறத் தொடங்கியது. முதலில் எட்டுப் பேர் வந்த இடத்தில் மூன்று பேர் வந்தார்கள். அப்புறம் ஒருவர். அப்புறம் யாரும் இல்லை. போன் செய்தால் "அடுத்த வாரம்" என்று பதில். பில்லர்களின் மேல் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் மழையில் நனைந்து நனைந்து, துருநீர் கான்கிரீட் மேல் பழுப்புக் கோடாக வடிந்து காய்ந்திருந்தது. அக்கா ஒவ்வொரு ஞாயிறும் போய் அதைப் பார்த்துவிட்டு வருவார், வந்து யாரிடமும் பேச மாட்டார். ஒப்பந்தத்தாளில் விலை இருந்தது, விலை மாறினால் என்ன என்று ஒரு வரி இல்லை. வேலை நின்றால் என்ன என்றும் இல்லை. கடைசியில் கூடுதல் பணம் கொடுத்துத்தான் வேலை மறுபடி ஓடியது. அந்த ஆள் கெட்டவர் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தோன்றவில்லை, அவரும் கடனில் கம்பி எடுத்துக் கட்டியவர். நட்டத்தை யார் சுமப்பது என்று பேசாமல் தொடங்கியதுதான் பிழை.

வேலையை நிறுத்தாத காண்ட்ராக்டரும் உண்டு, அது இன்னும் மோசமாக முடியலாம். நட்டத்தை எங்காவது ஈடு கட்டியாக வேண்டும் அல்லவா. தளத்தில் 8 மில்லிமீட்டர் கம்பியை 150 மில்லிமீட்டர் இடைவெளியில் போட வேண்டும் என்று வரைபடம் சொல்லும், அங்கே 200க்கு ஒன்று என்று போட்டிருப்பார்கள். கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, எல்லாம் வரிசையாக அழகாகத்தான் இருக்கும். ஆனால் கம்பியில் கால் பங்கு போய்விட்டது. மொத்த ஒப்பந்தம் எடுத்தால் கான்கிரீட் போடும் நாளுக்கு முந்தின நாள் டேப்பை எடுத்துக்கொண்டு நீங்களோ உங்கள் பொறியாளரோ சென்ட்ரிங் மேல் ஏறியாக வேண்டும். ஒரு மீட்டர் நீளத்துக்குள் எத்தனை கம்பி என்று நாலு இடத்தில் எண்ணுங்கள், பில்லர் ரிங்குகளுக்கு இடையே அளந்து பாருங்கள், படம் எடுத்து வையுங்கள். கான்கிரீட் விழுந்த பிறகு எதையும் எண்ண முடியாது.

நீங்களே பொருள் வாங்கி, கூலிக்கு மட்டும் ஒப்பந்தம் விட்டால் இந்தப் பயம் குறையும். ஆனால் அப்போது வீணாவது உங்கள் பணம், வேலை செய்கிறவருக்கு அதில் கவலை இருக்காது. கம்பி பொதுவாக 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. பீமுக்கு 4.2 மீட்டர் துண்டு வேண்டுமென்றால் ஒரு கம்பியில் இரண்டுதான் கிடைக்கும், 3.6 மீட்டர் மிச்சம். அந்த மிச்சம் லிண்டலுக்கோ வேறு எதற்கோ போக வேண்டும், அதற்கு யாராவது முன்பே யோசித்திருக்க வேண்டும். எந்த இடத்துக்கு எந்த அளவில் எத்தனை துண்டு என்று பொறியாளர் எழுதித் தரும் பார் பெண்டிங் ஷெட்யூல் இல்லாமல் கூலி ஒப்பந்தத்துக்குப் போகாதீர்கள். அந்தத் தாள் இல்லாத மனையில் துண்டுக் கம்பிக் குவியல் மலையாக வளரும்.

கூலி ஒப்பந்தம் எடுப்பவர்களுக்கு எடை பார்க்கும் பழக்கமும் வேண்டும். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ என்பதிலிருந்து வரும் கணக்கு இது. 12 மில்லிமீட்டருக்கு 144ஐ 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் கம்பி ஒன்று ஏறக்குறைய 10.7 கிலோ. தரநிலைகள் இதில் சில சதவீத ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கின்றன, மெல்லிய கம்பிக்குக் கொஞ்சம் அதிகமாகவே. எண்ணிக்கைக்கு விலை பேசி வாங்கினால் எடை குறைந்த கம்பி உங்களுக்கு நட்டம், கிலோவுக்கு வாங்கினால் அந்த நட்டம் இல்லை, ஆனால் எடை அனுமதித்த அளவுக்கும் கீழே போனால் வலிமைக் கணக்கு இடிக்கும். லோடு வந்ததும் ஒவ்வொரு அளவிலும் ஒரு மீட்டர் துண்டு வெட்டி வீட்டுத் தராசிலாவது வைத்துப் பாருங்கள். நான் அப்படி வைத்துப் பார்த்து ஒரு லோடில் 8 மில்லிமீட்டர் கட்டுகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், 0.395 கிலோ இருக்க வேண்டிய துண்டு 0.35 காட்டியது.

காத்திருப்பது ஒரு வழியா? விலை உச்சத்தில் இருக்கிறது, ஆறு மாதம் பொறுப்போம் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மரச் சந்தையில் இது பலித்த நேரமும் உண்டு, 2021 மே மாதம் அமெரிக்காவில் ஆயிரம் போர்டு அடிக்கு (அங்கே மரத்தை அளக்கும் அளவு) 1,600 டாலரைத் தாண்டிய மர விலை ஆகஸ்டுக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு வந்தது. ஆனால் வீட்டில் மரம் மட்டும் இல்லையே. நீங்கள் காத்திருக்கும் ஆறு மாதத்துக்கு இப்போது இருக்கும் வீட்டு வாடகை, மனைக் கடன் வட்டி, ஏறிய கூலி எல்லாம் சேரும், கூலி ஒரு முறை ஏறினால் கம்பி மாதிரி இறங்கி வருவதும் இல்லை. கம்பி 20 சதவீதம் இறங்கினால் மொத்தத்தில் 3 சதவீதம் மிச்சம் என்று முன்பே பார்த்தோம், அதை வைத்து உங்கள் ஆறு மாத வாடகையைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வரைபடம் முடியவில்லை, மண் பரிசோதனை ஆகவில்லை, பணம் பாதிதான் இருக்கிறது என்றால் தாராளமாகக் காத்திருங்கள். விலைக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

கம்பியைக் குறைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. மனையில் நின்றுகொண்டு "இந்தப் பில்லருக்கு எதுக்கு எட்டுக் கம்பி, ஆறு போதும்" என்று கொத்தனார் சொல்வதைக் கேட்டுக் குறைப்பதை நான் எந்த விலையிலும் ஏற்க மாட்டேன். ஆனால் வரைபடத்திலேயே குறைக்க நியாயமான வழி இருக்கிறது. தளத்தின் மேல் விழும் வளைவு விசை அகலத்தின் வர்க்கத்தோடு ஏறும். 4 மீட்டர் அகல அறையை 5 மீட்டராக்கினால் அந்த விசை 1.56 மடங்காகும், கம்பியும் தள கனமும் அதற்கேற்ப ஏறும். பில்லர்களை ஒரே வரிசையில் வைப்பது, மேல் தளச் சுவர் கீழே பீம் மேல் உட்காரும்படி பார்ப்பது, தேவையில்லாமல் நீளும் பால்கனியைக் குறைப்பது, இவையெல்லாம் கடையில் பேரம் பேசி இறக்கும் காசைவிட அதிகம் மிச்சம் தரும். கம்பி விலை ஏறியிருக்கும் நேரத்தில் பொறியாளரோடு இன்னும் ஒரு மாலை உட்கார்ந்து பேசுவது வீண் போகாது.

இப்போது என் தேர்வு. கையில் பணமும், முடிந்த வரைபடமும், காவலுள்ள இடமும் இருந்தால் முதல் தளம் போடும் வரைக்குமான கம்பியை மட்டும் அளவு வாரியாகக் கணக்குப் போட்டு முதலில் எடுப்பேன், அதிலும் அஸ்திவாரம் தோண்டி மண்ணைப் பார்த்த பிறகுதான் எடுப்பேன். மீதியைக் கட்டத்துக்குக் கட்டம். பணம் தவணையாக வருகிறது என்றால் முழுக்கக் கட்டத்துக்குக் கட்டம், பத்து நாள் முன்கூட்டி. தினமும் மனைக்குப் போக முடியாதவர் என்றால் காண்ட்ராக்டரிடமே விடுங்கள், ஆனால் நிலையான விலையில் இல்லை, அடிப்படை விலையோடு.

இது புதிதாக நான் கண்டுபிடித்தது இல்லை. அணை, பாலம் போன்ற பெரிய வேலைகளுக்கு உலகம் முழுக்கப் பயன்படும் ஃபிடிக் (சர்வதேச ஆலோசனைப் பொறியாளர்கள் கூட்டமைப்பு) மாதிரி ஒப்பந்தங்களில் விலை மாற்றத்துக்கென்று சூத்திரமே இருக்கிறது: ஒரு பங்கு மாறாதது, மீதி கூலிக்கும் பொருளுக்கும் அதனதன் குறியீட்டெண் மாறும் விகிதத்தில் மாறும். வீட்டுக்குச் சூத்திரம் வேண்டாம், மூன்று வரி போதும். கையெழுத்துப் போடும் நாளில் கம்பி கிலோ விலை இது, சிமெண்ட் மூட்டை விலை இது. விலை 5 சதவீதத்துக்குள் ஏறினாலும் இறங்கினாலும் காண்ட்ராக்டர் பாடு, அதற்கு மேல் போனால் 5 சதவீதத்தைத் தாண்டிய வித்தியாசத்தை மட்டும் வீட்டுக்காரர் கொடுப்பார் அல்லது கழித்துக்கொள்வார். கம்பியின் அளவு வரைபடப்படி 6,000 கிலோ, வாங்கிய பில்லில் எவ்வளவு இருந்தாலும் கணக்கு இந்த 6,000க்குத்தான்.

அடிப்படை விலை 100 என்றால், 118 ஆகும்போது நீங்கள் கிலோவுக்கு 13 கூடக் கொடுப்பீர்கள், 90 ஆனால் 5 திரும்ப வரும். காண்ட்ராக்டர் பயத்துக்காக முன்கூட்டியே சேர்க்கும் தொகையைக் குறைத்துக் கேட்கவும் உங்களுக்கு வாய் இருக்கும், ஏனென்றால் பெரிய ஆபத்தை நீங்களும் பகிர்கிறீர்கள். "அன்றைய விலை" எது என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள், இருவருக்கும் தெரிந்த இரண்டு கடைகளின் எழுத்துப்பூர்வமான விலையின் சராசரி என்று. அக்கா இப்போது மாடியில் ஒரு அறை எடுக்கிறார். அதே காண்ட்ராக்டர்தான், தாளில் இந்த மூன்று வரிகளும் இருக்கின்றன, நான்காவதாக அக்காவே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: வேலை நின்றால், வெளியே நீட்டிய கம்பிகளுக்கு ஒரு வாரத்துக்குள் சிமெண்ட் பால் அடித்து மூடித் தர வேண்டும்.